பெருந்தொற்றுக் காலத்தில் ஊராட்சியை நடத்துவது எப்படி? புதிய தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்றார்கள். மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. பலருக்கு அதுதான் முதல் பதவி. ரொக்கப் புத்தகம் எது, தீர்மானப் புத்தகம் எது என்று பிடிபடுவதற்குள் ஊரையே காக்க வேண்டிய பொறுப்பு தலையில் விழுந்தது. அடுத்த பெருந்தொற்று எந்த நோயாக வரும் என்று சொல்ல முடியாது. ஊராட்சியின் வேலை மட்டும் பெரிதாக மாறாது. அந்த வேலையை வரிசையாகச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு மூன்று குக்கிராமம், 650 வீடு, 2,400 பேர் கொண்ட ஓர் ஊராட்சியை வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். வைத்தியம் பார்ப்பது சுகாதாரத் துறை. சட்டம் ஒழுங்கு காவல்துறை. "வீட்டை விட்டு வெளியே வராதே" என்று சொல்லப்பட்டவர் உண்மையிலேயே வராமல் இருக்க முடிகிற நிலையை உண்டாக்குவதுதான் ஊராட்சியின் பங்கு. தண்ணீர், அரிசி, சர்க்கரை மாத்திரை, மாட்டுக்குத் தீவனம் எல்லாம் வாசலுக்கு வந்தால் அவர் உள்ளே இருப்பார். வராவிட்டால் எத்தனை முறை மைக்கில் கத்தினாலும் வெளியே வரத்தான் செய்வார்.

முதல் இரண்டு நாள்

அவசரக் கூட்டம் கூட்டுங்கள். வார்டு உறுப்பினர்கள், ஊராட்சி செயலர், கிராம சுகாதார செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடை விற்பனையாளர், மகளிர் குழுக் கூட்டமைப்பின் நிர்வாகி, பள்ளித் தலைமை ஆசிரியர் ஆகியோர் போதும். மரத்தடியில், இடைவெளி விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் நான்காம் நாள் எல்லா வேலையும் செயலர் தலையில் வந்து நிற்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் ஒருவர் பெயரையும் அதே தீர்மானத்தில் எழுதுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பல ஊர்கள் தவித்தன. தொட்டி இயக்குபவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊரே தண்ணீர் இல்லாமல் நிற்கும். மோட்டார் சாவி எங்கே, எந்த வால்வை முதலில் திறப்பது, எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர் மனசில் மட்டும்தான் இருக்கும். ஒருநாள் காலை வேறொருவரை அவருடன் அனுப்பி, வால்வு வரிசையைத் தாளில் எழுதி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

காசோலையிலும் இதே சிக்கல் உண்டு. ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் பணம் நின்றுவிடும். அந்த நிலையில் என்ன நடைமுறை என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முதல் வாரமே கேட்டுவையுங்கள். இருவரும் ஒரே வண்டியில் ஏறிச் சுற்றுவதையும் தவிருங்கள்.

நீங்கள் பெண் தலைவர் என்றால், வட்டார வளர்ச்சி அலுவலரும் நர்ஸம்மாவும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்தான் இருக்க வேண்டும். கணவர் எண்ணோ அண்ணன் எண்ணோ இருந்தால் செய்தி உங்களுக்கு வந்துசேர அரைநாள் ஆகும். பெருந்தொற்றில் அரைநாள் பெரிய காலம்.

வீட்டுப் பட்டியல்

பிளீச்சிங் பவுடர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பெரும்பாலான ஊர்கள் பவுடரில்தான் தொடங்கின. வண்டியில் தெளிப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை, பட்டியல் எழுதுவது தெரியாத வேலை. ஆனால் பிறகு வரும் ஒவ்வொரு வேலைக்கும் இந்தப் பட்டியல்தான் அடித்தளம்.

40 வீட்டுக்கு ஒரு தன்னார்வலர் என்று பிரித்தால் 650 வீட்டுக்கு 16, 17 பேர் தேவை. மகளிர் குழுவிலிருந்து எடுங்கள். அவர்களுக்கு எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமலே பாதி தெரியும். சாதாரண நீளநோட்டு ஒன்று போதும். வீட்டுத் தலைவர் பெயர், போன் எண், மொத்தம் எத்தனை பேர், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணி, கைக்குழந்தை, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, டயாலிசிஸ், காசநோய் மாத்திரை எடுப்பவர், தனியாக வாழும் முதியவர், மாற்றுத்திறனாளி, ரேஷன் அட்டை உண்டா இல்லையா, தனிக் கழிவறை உண்டா, தனி அறை உண்டா, மாடு எத்தனை.

கடைசி மூன்றும் வழக்கமான படிவங்களில் இருக்காது. கழிவறையும் தனி அறையும் இல்லாத வீட்டில் வீட்டுத் தனிமை என்பது வெறும் பேச்சு. அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்று தெரிந்தால்தான் பள்ளிக்கூடத்தில் எத்தனை கட்டில் போட வேண்டும் என்று சொல்ல முடியும். மாட்டைக் கேட்பது எதற்கு என்றால், கறவை மாடு உள்ள வீட்டுக்காரர் விடிந்ததும் பால் சொசைட்டிக்குப் போயே தீருவார். பால் கறந்து கொண்டுபோய் ஊற்றவும் தீவனம் போடவும் பக்கத்து வீட்டாரை முன்கூட்டியே பேசி வைத்தால் அவர் நிம்மதியாகப் படுத்திருப்பார்.

செங்கல் சூளை, கோழிப்பண்ணை, நூற்பாலை விடுதி இவற்றில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தவரையும் கணக்கில் எடுங்கள். வாக்காளர் பட்டியலில் இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். பட்டியல் எடுப்பதையும் பொருள் கொடுப்பதையும் காலனியில் தொடங்குங்கள். பெரிய தெருவில் ஆரம்பித்தால் காலனிக்கு வந்துசேரும்போது பவுடரும் தீர்ந்திருக்கும், ஆட்களும் களைத்திருப்பார்கள்.

வெளியூரிலிருந்து திரும்புபவர்கள்

2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களுக்குத் தொற்று பரவியது. திரும்பியவர்கள் மேல் குற்றமில்லை. வேலை போய்விட்டது, ஊர்தான் கதி. அவர்கள் வந்த அன்றே ஊராட்சிக்குத் தெரிந்த இடங்களில் பரவலைப் பிடிக்க முடிந்தது.

இதற்குச் சோதனைச்சாவடி வேண்டாம். ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, மரத்தைக் குறுக்கே கிடத்தி வழியடைத்த ஊர்கள் 2020 ஏப்ரலில் நிறைய. அடைத்த பாதையில் 108 ஆம்புலன்சும் வர முடியாது, கர்ப்பிணியும் வெளியே போக முடியாது. வழியடைக்க ஊராட்சிக்கு அதிகாரமும் கிடையாது. அதற்குப் பதில், ஒவ்வொரு தன்னார்வலரும் தன் 40 வீட்டில் புதிதாக யார் வந்தார்கள் என்று தினமும் மாலை 6 மணிக்கு ஒரு வரி அனுப்பட்டும். யாரும் வரவில்லை என்றாலும் "இல்லை" என்று அனுப்ப வேண்டும். செய்தி வராத வார்டுக்கு நீங்கள் போன் செய்யுங்கள்.

வந்தவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். திட்டினால் அடுத்தவர் ராத்திரி வந்து ஒளிந்துகொள்வார்.

தனிமையில் இருக்கும் வீடு

செவிலியர் தனிமை என்று சொன்ன அன்றே அந்த வீட்டுக்கு ஒரு சீட்டுக் கொடுங்கள்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, தன்னார்வலர் எண், செவிலியர் எண், 104, 108. எத்தனை நாள் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கொரோனாவிலேயே 2021-இல் 10 நாளாக இருந்த வீட்டுத் தனிமை 2022 ஜனவரியில் 7 நாளாக மாறியது. முடியும் தேதி எழுதாத தனிமையை யாரும் மதிப்பதில்லை.

கதவில் நோட்டீஸ் ஒட்டுவது, தகரம் அடிப்பது இரண்டும் கெடுதல். ஒரு வீட்டில் தகரம் அடித்தால் அடுத்த பத்து வீட்டில் காய்ச்சலை மறைப்பார்கள். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது.

தினம் இரண்டு முறை, காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும், தன்னார்வலர் வாசலில் நின்று கேட்கட்டும்: காய்ச்சல் எப்படி, மூச்சு எப்படி, என்ன வேண்டும். பொருளைத் திண்ணையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் வர வேண்டும். வாங்கிய பொருளுக்குப் பணம் யார் தருவது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கொடுக்க முடிந்தவரிடம் வாங்குங்கள், முடியாதவருக்குக் கூட்டமைப்பின் வழியாகவோ நன்கொடையாக வந்த அரிசியிலிருந்தோ கொடுங்கள்.

பூட்டிய வீட்டுக்குள் வேறு சிலவும் நடக்கும். அடி வாங்கும் பெண் 181-ஐ அழைக்கலாம்; குழந்தைத் திருமணப் பேச்சு காதில் விழுந்தால் 1098. ஊரடங்கில் கூட்டமில்லாமல், செலவில்லாமல் முடித்துவிடலாம் என்று சிறுமிகளுக்குக் கல்யாணம் பேசிய ஊர்கள் உண்டு. தன்னார்வலர்களிடம் இதைத் தனியாகச் சொல்லிவையுங்கள்.

ஆக்சிமீட்டர்

விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் சின்னக் கருவி இது. மூச்சுத் தொற்று என்றால் ஊராட்சி கையில் இருக்க வேண்டிய முக்கியமான கருவி இதுதான். கிராமப்புறங்களுக்கென்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 மே 16 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், ஆக்சிமீட்டரை வீடு வீடாக இரவல் கொடுத்து வாங்கச் சொல்கிறது. அதில் ஆஷா பணியாளர் (கிராம அளவிலான சுகாதாரத் தன்னார்வலர்) என்று வரும் இடத்தில் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் கிராம சுகாதார செவிலியரையும் உங்கள் தன்னார்வலர்களையும் வைத்துப் படியுங்கள்.

குக்கிராமத்துக்கு ஒன்று, கையிருப்பாக இரண்டு, ஆக 5 வாங்குங்கள். சின்ன பென்சில் பேட்டரி ஒரு டஜன் கூடவே வாங்குங்கள். பேட்டரி இறங்கினால் அளவு தாறுமாறாக வரும். பார்க்கும் முறையில்தான் தவறு நடக்கிறது. மருதாணி, நகப்பூச்சு இருந்தால் சரியாகக் காட்டாது. பூசாத விரலைத் தேடுங்கள். விரல் ஜில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்து எழுதுங்கள். இரண்டு எண்களில் எது ஆக்சிஜன், எது நாடி என்று முதலில் சொல்லிக்கொடுங்கள். நாடித் துடிப்பு 72 என்பதை ஆக்சிஜன் என்று நினைத்து அலறுவதும், நாடி 98-ஐப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப்போவதும் இரண்டுமே நடக்கும். இரண்டாவதுதான் உயிருக்கு ஆபத்து.

கொரோனாவில் 94-க்குக் கீழே இறங்கினால் உடனே செவிலியருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். 90-க்குக் கீழே என்றால் யாரையும் கேட்காமல் 108. ஒவ்வொரு வீட்டிலும் பயன்படுத்திய பின் சானிடைசர் தொட்ட பஞ்சால் துடைத்துத்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

தண்ணீரும் குளோரினும்

பெருந்தொற்று வந்துவிட்டது என்பதற்காக வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் விடுமுறை எடுக்காது. மருத்துவமனையில் இடமில்லாத நேரத்தில் குடிதண்ணீரால் நோய் வந்தால் ஊர் தாங்காது. ஆகவே குளோரின் கலப்பதை வழக்கத்தைவிடக் கவனமாகச் செய்யுங்கள்.

அளவு: 1,000 லிட்டருக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 4 கிராம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு 120 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். மளிகைக் கடைத் தராசில் 120 கிராம் நிறுத்து, அந்த மட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கோடு போட்டுவிடுங்கள். பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரையுங்கள். பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, கலக்கி, அரை மணி நேரம் தெளிய விடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டினால் குழாய் அடைக்கும், தண்ணீர் வெள்ளையாக வரும், மக்கள் அந்தத் தண்ணீரை விட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போவார்கள். தொட்டி நிரம்பத் தொடங்கும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அதன்பின் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள்.

சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் செய்யுங்கள். தண்ணீரில் மீதியிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் பெட்டியில் நீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. பவுடர் பழசு: பிரித்த மூட்டை ஈரத்திலும் வெயிலிலும் கிடந்தால் குளோரின் பறந்துவிடும், மணமும் குறையும், கட்டிகட்டியாக இருக்கும். அல்லது வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை சேர்கிறது. புதுப் பவுடர் போட்டும் நிறம் வராவிட்டால் குழாயைத் தேடுங்கள்.

பொதுக்குழாயில் கூட்டம் சேர்கிற ஊரில், தண்ணீர் விடும் நேரத்தைக் கூட்டித் தெருவாரியாகப் பிரித்துவிடுங்கள். அரை மணி நேரம் மட்டும் விட்டுவிட்டு இடைவெளி விட்டு நில்லுங்கள் என்று சொல்வது நடக்காத காரியம்.

கிருமிநாசினி: எங்கே பயன், எங்கே வீண்

அடிக்கடி கைபடும் இடங்களுக்கு 1 சதவீதக் குளோரின் கரைசல் போதும். அதே 33 சதவீதப் பவுடரில் லிட்டருக்கு 30 கிராம். 16 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 480 கிராம். தெளிய வைத்துத் துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும். வங்கிக் கதவு, ரேஷன் கடை மேசை, அடிபம்புக் கைப்பிடி, பொதுக் கழிவறை, பேருந்து நிறுத்தத் திண்ணை இவற்றில் அழுக்கை முதலில் கழுவிவிட்டுத் துடையுங்கள். கரைசலை அன்றன்றைக்கே கலக்க வேண்டும். பினாயிலோடும் ஆசிட்டோடும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். தெளிப்பானை வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் ஒரு வாரத்தில் துரு ஏறும்.

தெருவெல்லாம் தெளிப்பதில் பெரிய பயனில்லை. மண்ணும் குப்பையும் பட்டதுமே குளோரின் வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனமும் 2020 மே மாதமே இதைச் சொன்னது. மனிதர்கள் மேல் தெளிப்பது கேடு. 2020 ஏப்ரலில் திருப்பூரில் தொடங்கிப் பல ஊர்களில் வைத்த கிருமிநாசினிச் சுரங்கங்களை அந்த மாதமே வேண்டாம் என்று சுகாதாரத் துறை நிறுத்தச் சொன்னது. அந்தப் பணத்தில் தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் கம்பூட்டும் வாங்குங்கள்.

அவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோய் உள்ள வீட்டுக் குப்பையைத் தனி மஞ்சள் பையில், கட்டியபடி வாங்க வேண்டும். மற்ற குப்பையோடு சேர்த்துப் பிரிக்கச் சொல்லக் கூடாது. மற்ற வீடுகளின் முகக்கவசங்களை வெட்டித் தாள் பையில் போட்டு 72 மணி நேரம் வைத்திருந்து கொடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து குளிக்க ஊராட்சி அலுவலகத்திலேயே தண்ணீரும் சோப்பும் மறைவிடமும் இருக்க வேண்டும். குப்பை வாடையோடும் கிருமியோடும் அவர்களை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

கூட்டம் சேரும் இடங்கள்

நிவாரணம் கொடுக்கும் நாளில்தான் நோய் அதிகம் பரவும் வாய்ப்பு. டோக்கன் வீட்டிலேயே கொடுத்து, தேதியோடு நேரமும் எழுதுங்கள். நேரம் எழுதாத டோக்கன் வைத்திருக்கும் எல்லோரும் காலை 7 மணிக்கே வந்து நிற்பார்கள். கபசுரக் குடிநீர் கொடுப்பதானால் அண்டாவை ஒரே இடத்தில் வைத்துக் கூட்டம் சேர்க்காமல் தெருத்தெருவாகக் கொண்டுபோங்கள்.

நூறு நாள் வேலையை முழுக்க நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். 2021-22-இல் நாள் கூலி 273 ரூபாய். பல வீடுகளில் அன்றைக்கு அது ஒன்றுதான் வருமானம். ஒரே ஏரியில் 150 பேரை இறக்காமல், வரப்பு கட்டுதல், பண்ணைக்குட்டை என்று சிறு சிறு குழுவாகப் பிரித்துக் கேளுங்கள்.

அறிவிப்புக்கு மைக் கட்டிய ஆட்டோ போதும். தண்டோரா போடுவதை அரசு 2022-லேயே நிறுத்தச் சொல்லிவிட்டது.

பணமும் காகிதமும்

நெருக்கடியில் நல்லது செய்த தலைவர்கள் பிறகு தணிக்கையில் சிக்குவது உண்டு. செலவு உண்மையானதாக இருக்கும், காகிதம் இருக்காது. செலவைத் தனிப் பக்கத்தில் தேதி வாரியாக எழுதுங்கள். முன்னனுமதி பெற நேரமில்லாமல் செய்த செலவை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே வைத்து ஒப்புதல் தீர்மானம் போடுங்கள். போனில் ஒரே கடைக்காரரிடம் சொல்லி வாங்காமல் மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். பற்றாக்குறை நாளில் பிளீச்சிங் பவுடரை இரட்டை விலைக்கு விற்பார்கள். இருப்புப் பதிவேட்டில் மூட்டை வந்த தேதி, எடை, தினமும் எவ்வளவு எடுத்தது, எடுத்தவர் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். தணிக்கையில் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

எந்தப் பணம் என்பதும் முக்கியம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டதாக வைக்கப்பட்டது. மீதி 40 சதவீதம் ஊர்த் தேவைக்கு. 2021 மே மாதம் மானியத்தை விடுவித்தபோது தொற்றுத் தடுப்புக்கும் செலவிடலாம் என்று நிதி அமைச்சகம் சொன்னது. அதுபோன்ற சுற்றறிக்கை கையில் வரும்வரை பொறுத்து, அதன் நகலைக் கோப்பில் வைத்துவிட்டுச் செலவு செய்யுங்கள். மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் உரிய இரண்டாவது கணக்கை எக்காரணத்துக்கும் தொடாதீர்கள். நன்கொடையைப் பணமாகக் கையில் வாங்க வேண்டாம். அரிசியாக, பருப்பாக வாங்கி, வந்ததையும் போனதையும் பலகையில் எழுதிப் போடுங்கள்.

தடுப்பூசி முகாம்

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தபோது கிராமங்களில் பயம் கூடியது. அவருடைய மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று பின்னர் ஆய்வுக்குழு சொன்னது. அது ஊருக்கு வந்து சேர மாதங்கள் ஆயின. இப்படிப்பட்ட நேரத்தில் மைக்கில் அறிவுரை சொல்வது உதவாது. ஊசி போட்டுக்கொண்ட அதே தெருக்காரர் ஒருவர் வந்து பேசினால்தான் நம்புவார்கள். திருவாரூர் மாவட்டம் காட்டூர் ஊராட்சி தகுதியுள்ள எல்லோருக்கும் ஊசி போட்டு முடித்ததாக 2021-இல் செய்தியானது. அப்படி முடிப்பதற்கும் வீட்டுப் பட்டியல்தான் வேண்டும். யார் பாக்கி என்று பெயரோடு தெரிய வேண்டும்.

மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலி போகும் என்பது பலருடைய உண்மையான தயக்கம். மறுநாள் வேலையில்லாத நாளாகப் பார்த்து முகாம் கேளுங்கள். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 டோஸ் இருந்தது. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட குப்பிக்குப் பத்துப் பத்துப் பேராக அழைத்துவந்தால் வீணாகாது.

இறப்பு நேர்ந்தால்

சுடுகாடு, இடுகாடு எங்கே, குழி தோண்ட ஜேசிபி யாரிடம் என்பதை முன்பே பேசி வையுங்கள். தொற்றில் இறந்தவரைப் புதைக்கத் தடுப்பதைத் தமிழ்நாட்டில் 2020 ஏப்ரல் அவசரச் சட்டம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. இதைச் சாவு விழுவதற்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். பிணத்தை வைத்துக்கொண்டு சட்டம் பேச முடியாது. உடலைச் சுற்றிய பையைக் குடும்பத்தார் திறக்கக் கூடாது; பணியாளர் முகப்பக்கம் மட்டும் திறந்து காட்ட, சுகாதார ஆய்வாளர் சொல்லும் இடைவெளியில் அவர்கள் முகம் பார்க்கவும், தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யவும் விடுங்கள். எரித்த சாம்பலால் நோய் வராது, அதை எடுத்துக் கரைக்கத் தடையில்லை.

வீட்டிலேயே இறந்தவர்களின் குடும்பங்கள்தான் பின்னால் அதிகம் அலைந்தன. 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பரிசோதனைச் சீட்டு, ஸ்கேன், மருத்துவமனை ரசீது எதையும் தூக்கிப் போடவோ, துணிமணியோடு சேர்த்து எரிக்கவோ வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லுங்கள். கொரோனா இறப்புக்கு 50,000 ரூபாய் உதவித்தொகையும், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. அந்தச் சீட்டுகள் இல்லாமல் விண்ணப்பமே நகரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் செயலரையோ வார்டு உறுப்பினரையோ அந்த வீட்டுக்கு அனுப்பி, காகிதங்களை ஒரு உறையில் போட்டு வாங்கி, நகலெடுத்து, அசலை அன்று மாலையே திருப்பிக் கொடுங்கள்.